ரோஜா முள் சொன்ன ரகசியம்

வீட்டில் யாரும் இல்லை. மனைவியும் அவளுடைய தம்பி தங்கைகளும் சர்க்கஸ் பார்க்கப் போய்விட்டார்கள். அங்கே குரங்குகள் வித்தை காட்டின.

அவர் மட்டும் போகவில்லை. மைக்ராஸ்கோப்பின் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

நடந்த இடம், இத்தாலியைச் சேர்ந்த சிசிலித் தீவில் உள்ள மெஸ்ஸினா நகரம். ஆண்டு 1882.

அவர்தான் இலியா மெச்னிகோவ். உடம்புக்குள் நோய்க் கிருமிகளைத் தின்று நம்மைக் காக்கும் சேனை ஒன்று இருக்கிறது என்று உலகுக்குச் சொன்ன விஞ்ஞானி.

நாற்காலியில் வந்த மணமகள்

மெச்னிகோவ் 1845-ம் ஆண்டு பிறந்தார். அவர் பிறந்த ஊர், இன்றைய உக்ரேன் நாட்டில் கார்க்கோவ் நகருக்குப் பக்கத்தில் உள்ள ஒரு கிராமம். அப்போது அது ருஷ்ய சக்கரவர்த்தியின் ஆட்சியில் இருந்தது. தந்தை ராணுவ அதிகாரி.

பையன் படிப்பில் புலி. பல்கலைக்கழகத்தில் 4 ஆண்டுப் படிப்பை 2 ஆண்டிலேயே முடித்தார். 22 வயதில் ஒடெஸ்ஸா பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் ஆனார்.

1869-ல் அவருக்குத் திருமணம் நடந்தது. மணமகள் பெயர் லுட்மிலா. அவளுக்குக் காசநோய். மாதா கோவிலுக்குள் நடந்து வரக்கூட உடம்பில் தெம்பு இல்லை. நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கி வந்தார்கள். அப்படித்தான் கல்யாணம் நடந்தது.

மனைவியைக் காப்பாற்ற அவர் படாத பாடு பட்டார். வெயில் உள்ள ஊர்களுக்கு அழைத்துச் சென்றார். எதுவும் பலிக்கவில்லை. 1873-ல் மதீரா தீவில் லுட்மிலா கண்ணை மூடினாள்.

மெச்னிகோவ் மனம் உடைந்து போனார். உயிரை மாய்த்துக்கொள்ளவும் முயன்றார். ஆனால் பிழைத்துக்கொண்டார்.

பிறகு 1875-ல் ஓல்கா என்ற பெண்ணை மணந்தார். சில ஆண்டுகளில் அவளுக்கும் விஷ ஜுரம் வந்தது. நல்லவேளையாக அவள் பிழைத்து எழுந்தாள்.

கிருமி ஏன் ஒருவரைக் கொல்கிறது? இன்னொருவரை ஏன் விட்டுவிடுகிறது? அந்தக் காலத்து வைத்தியர்களால் இதற்குப் பதில் சொல்ல முடியவில்லை.

முள் குத்திய மீன்

ருஷ்யாவில் அரசியல் குழப்பம். பல்கலைக்கழகத்திலும் சச்சரவு. மெச்னிகோவ் 1882-ல் வேலையை உதறிவிட்டு, குடும்பத்துடன் மெஸ்ஸினாவுக்கு வந்து சேர்ந்தார்.

அங்கேதான் அந்தச் சர்க்கஸ் நாள் வந்தது.

அவர் பார்த்துக்கொண்டிருந்தது நட்சத்திர மீனின் குஞ்சு. அதன் உடம்பு கண்ணாடி போன்றது. உள்ளே நடப்பதெல்லாம் வெளியே தெரியும். சில அணுக்கள் அங்கும் இங்கும் ஊர்ந்துகொண்டிருந்தன.

திடீரென்று அவருக்கு ஓர் எண்ணம் தோன்றியது. இந்த அணுக்கள் காவல்காரர்களாக இருக்குமோ? வெளியிலிருந்து ஏதாவது உள்ளே நுழைந்தால் இவை ஓடிவந்து சூழ்ந்துகொள்ளுமோ?

உடனே தோட்டத்துக்குப் போனார். ரோஜாச் செடியிலிருந்து சில முட்களைப் பறித்தார். அவற்றை மீன் குஞ்சின் தோலுக்கு அடியில் செருகினார்.

அன்று இரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை.

பொழுது விடிந்ததும் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தார். முள்ளைச் சுற்றி அணுக்கள் கூட்டமாக மொய்த்திருந்தன! நம் விரலில் முள் குத்தினால் அந்த இடத்தில் சீழ் கட்டுகிறதே, அங்கே நடப்பதும் இதுதான் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

அடுத்த ஆண்டு இதை உலகுக்கு அறிவித்தார். இந்த அணுக்களுக்கு, தின்னும் அணு என்று பொருள்படும் கிரேக்கப் பெயர் சூட்டப்பட்டது. அதுதான் பேகோசைட்.

எதிர்ப்புப் புயல்

வைத்திய உலகம் சும்மா இருக்கவில்லை. ரத்தத்தின் வெள்ளை அணுக்களுக்குள் கிருமிகள் இருப்பதைப் பல வைத்தியர்கள் முன்பே பார்த்திருந்தார்கள். ஆனால் கிருமிதான் அணுவுக்குள் புகுந்து உடம்பெங்கும் சவாரி செய்கிறது என்று அவர்கள் நம்பினார்கள். காவல்காரனையே திருடன் என்று எண்ணிவிட்டார்கள்!

1890-ல் ஜெர்மனியில் பேரிங், கிடசாடோ என்ற இருவரும், ரத்தத்தின் தெளிநீரே கிருமியின் விஷத்தை முறிக்கிறது என்று காட்டினார்கள். தெளிநீரா, அணுவா? இரு கட்சிகளுக்கும் பல ஆண்டுகள் சண்டை நடந்தது.

மெச்னிகோவ் அப்போது பாரிஸில் இருந்தார். 1888-ல் லூயி பாஸ்டர் அவரை வரவேற்றுத் தமது நிலையத்தில் ஆராய்ச்சி செய்ய இடம் கொடுத்திருந்தார். அங்கிருந்தே ஒவ்வொரு எதிர்ப்புக்கும் புதிய சோதனைகளால் பதில் கொடுத்தார்.

1903-ல் சண்டை தீரும் வழி பிறந்தது. லண்டனில் ஆல்ம்ரோத் ரைட் என்ற டாக்டர், ரத்தத் தெளிநீரில் உள்ள சில பொருள்கள் கிருமியின் மேல் ஒட்டிக்கொள்வதைக் கண்டார். ஒட்டிய பிறகு வெள்ளை அணு அந்தக் கிருமியை ஆவலோடு விழுங்கியது. வெறும் சோற்றில் குழம்பு ஊற்றியது போல!

இரு கட்சியும் சொன்னது உண்மை என்று ஆயிற்று. 1908-ல் மெச்னிகோவுக்கும், தெளிநீர்க் கட்சியைச் சேர்ந்த பால் எர்லிக்குக்கும் நோபல் பரிசு பகிர்ந்து அளிக்கப்பட்டது.

வாய் இல்லாமல் விழுங்குவது எப்படி?

அணுவுக்கு வாய் இல்லை. பல்லும் இல்லை. பிறகு எப்படி விழுங்குகிறது? மெச்னிகோவ் காலத்தில் இது தெரியாது. இன்று தெரியும்.

அணுவைச் சுற்றி மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. அதில் சில புரதங்கள் கை நீட்டியபடி நிற்கின்றன. கிருமியின் மேல் ஒட்டியிருக்கும் பொருளை அவை பிடித்துக்கொள்ளும். உடனே உள்ளே இருக்கும் ஆக்டின் என்ற புரதம் சங்கிலியாகக் கோத்துக்கொண்டு சவ்வை வெளியே தள்ளும். சவ்வு இரு பக்கமும் எழும்பிக் கிருமியை மூடிக்கொள்ளும். கிருமி ஒரு பைக்குள் அகப்படும். பிறகு செரிக்கும் நீர் உள்ள பைகள் வந்து அதோடு சேர, கிருமி கரைந்து போகும்.

வெள்ளை அணு மட்டும் அல்ல, நம் உடம்பின் மற்ற அணுக்களும் சிறு பொருள்களை இப்படியே உள்ளே வாங்குகின்றன. கிளாத்ரின் என்ற புரதம் கூடை போலப் பின்னி, இரும்புச் சத்தையும் கொழுப்பையும் உள்ளே இழுக்க உதவுகிறது. கொழுப்பைப் பிடிக்கும் புரதம் பிறவியிலேயே பழுதாக இருந்தால், கொழுப்பு ரத்தத்திலேயே தங்கிவிடும். இளம் வயதிலேயே மாரடைப்பு வரலாம்.

தயிரும் முதுமையும்

கடைசிக் காலத்தில் மெச்னிகோவ் முதுமையைப் பற்றி ஆராய்ந்தார். குடலில் உள்ள கெட்ட கிருமிகளின் விஷமே முதுமைக்குக் காரணம் என்றும், புளித்த பால் அவற்றை அடக்கும் என்றும் நம்பினார். தாமும் தினமும் அதைச் சாப்பிட்டார். ஐரோப்பாவில் தயிர் பரவியதற்கு இது ஒரு காரணம். தயிர் ஆயுளை நீட்டும் என்பது மட்டும் நிரூபணம் ஆகவில்லை.

1916-ம் ஆண்டு ஜூலை மாதம், உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, பாரிஸில் அவர் காலமானார். வயது 71. அவருடைய அஸ்தி, அவர் உழைத்த பாஸ்டர் நிலையத்திலேயே வைக்கப்பட்டிருக்கிறது.

லுட்மிலாவைக் கொன்ற காசநோய்க் கிருமி மிகவும் தந்திரமானது. வெள்ளை அணு அதையும் விழுங்கத்தான் செய்கிறது. ஆனால் செரிக்கும் நீர் வந்து சேராதபடி அது தடுத்துவிடுகிறது. விழுங்கிய அணுவுக்குள்ளேயே குடியிருந்து பெருகுகிறது. இன்று காசநோய்க்கு மருந்து இருக்கிறது. பல மாதங்கள் விடாமல் சாப்பிட்டால் குணமாகும். ஆயினும் இந்தத் தந்திரத்தை முறியடிக்கும் ஆராய்ச்சி இன்னும் நடந்து வருகிறது.

அந்த ஆராய்ச்சி எல்லாவற்றுக்கும் முதல் வழி காட்டியது, ஒரு ரோஜா முள்.