சம்பளக்காரனை நம்பிய எச்.டி.பாரேக்

சர்ச்கேட் ரெயில் நிலையத்தில் இறங்கி கடல் பக்கமாக நடந்தால் பேக்பே ரெக்ளமேஷன் வரும். ஆபீஸ் கட்டிடங்கள் நெருக்கமாக நிற்கும் அந்தப் பகுதியில் ஒரு சாலைக்கு எச்.டி.பாரேக் மார்க் என்று பெயர். அந்தப் பெயர்ப் பலகையை தினமும் பார்த்துக்கொண்டு வேலைக்குப் போகிறவர்களில் பலருக்கு அவர் யார் என்பது தெரியாது. ஆனால் அவர்களிலேயே எத்தனையோ பேர் டோம்பிவிலியிலும் வசாயிலும் வீடு வாங்கி மாதத் தவணை கட்டிக் கொண்டிருக்கிறார்கள். அந்தத் தவணைக் கடனைச் சாதாரணச் சம்பளக்காரனுக்கும் கிடைக்கும்படி செய்ததில் முதல் பங்கு இந்த பாரேக்குக்கு உண்டு.

சால் வீட்டுப் பிள்ளை

ஹஸ்முக் தாக்கோர்தாஸ் பாரேக் 1911-ம் ஆண்டு மார்ச் 10-ந்தேதி குஜராத்தில் உள்ள சூரத் நகரில் பிறந்தார். வளர்ந்தது பம்பாயில், ஒரு சாலில்.

சால் என்றால் என்ன என்று இந்தப் பதிப்பின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியது இல்லை. ஒரு அறை, வெளியே நீண்ட வராந்தா, மாடிக்கு ஒரு குழாய், கோடியில் பொதுக் கழிப்பிடம். அந்த ஒரு அறைக்குள் சமையல், படிப்பு, படுக்கை எல்லாம். பிற்காலத்தில் வீட்டுக் கடனைப் பற்றி முடிவு எடுக்க உட்கார்ந்த மனிதர், வீடு இல்லாத குடும்பம் எப்படி வாழும் என்பதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் இல்லை.

பம்பாயில் பொருளாதாரம் படித்தார். படிக்கும்போதே பகுதி நேர வேலையும் பார்த்தார். பிறகு லண்டன் பொருளாதாரக் கல்லூரியில் சேர்ந்து வங்கித் துறையில் பட்டம் பெற்றார். 1930-களின் இங்கிலாந்தில் பில்டிங் சொசைட்டிகள் ஓங்கி இருந்தன. தொழிலாளியும் குமாஸ்தாவும் அங்கே சிறுகச் சிறுகப் பணம் சேமிப்பார்கள். அந்தப் பணத்தையே சொசைட்டி வேறு குடும்பங்களுக்கு வீடு வாங்கக் கடனாகக் கொடுக்கும். லண்டனைச் சுற்றிப் புறநகர்கள் அப்படித்தான் எழும்பிக் கொண்டிருந்தன. அந்த நேரத்தில்தான் சூரத் இளைஞர் அங்கே இருந்தார்.

ஊர் திரும்பியதும் பம்பாய் புனித சவேரியார் கல்லூரியில் பாடம் நடத்தினார். 1936-ல் ஹர்கிசன்தாஸ் லக்மிதாஸ் என்ற பங்குத் தரகுக் கம்பெனியில் சேர்ந்தார். 20 ஆண்டுகள் அங்கேயே இருந்தார். 1956-ல் ஐ.சி.ஐ.சி.ஐ. நிறுவனத்தில் துணைப் பொது மேலாளர் பதவி கிடைத்தது. அந்த நிறுவனம் தொடங்கி அப்போது ஓராண்டுதான் ஆகி இருந்தது. தொழிற்சாலைகளுக்கு நீண்ட காலக் கடன் கொடுப்பது அதன் வேலை. படிப்படியாக உயர்ந்து, 1972-ல் அதன் தலைவர் ஆனார்.

ஆலைக்குக் கடன் உண்டு, ஆலைத் தொழிலாளிக்கு?

ஐ.சி.ஐ.சி.ஐ.யில் இருந்த காலத்தில் பல கோடி ரூபாய்க் கடன்கள் அவர் கையால் போயின. ஆலை முதலாளி எந்திரம் வாங்கக் கடன் கேட்டால் கொடுக்க நிறுவனங்கள் இருந்தன. அதே ஆலையில் கணக்கு எழுதும் குமாஸ்தா ஒரு கோலி வாங்கக் கடன் கேட்டால் கொடுக்க ஆள் இல்லை.

அடியோடு எதுவும் இல்லை என்று சொல்வதும் சரி ஆகாது. மத்திய அரசு ஊழியருக்கு வீடு கட்ட முன்பணம் உண்டு. எல்.ஐ.சி.யில் பாலிசிதாரர்களுக்குத் திட்டம் இருந்தது. மராட்டியத்தில் கூட்டுறவு வீட்டுச் சங்கங்கள் வழியாகக் கொஞ்சம் பணம் வந்தது. 1970-ல் மத்திய அரசு ஹட்கோவை அமைத்தது. அது வீட்டு வசதி வாரியங்களுக்குக் கடன் கொடுத்தது. ஆனால் ஒரு தனியார் கம்பெனி ஊழியர் நேரே போய் மனுக் கொடுத்துக் கடன் வாங்கி வரும் இடம் என்று பார்த்தால், அநேகமாகக் கிடையாது. வர்த்தக வங்கிகள் வீட்டுக் கடனைத் தங்கள் வேலையாகவே கருதவில்லை.

வாடகை வீட்டுக்கும் வழி அடைபட்டுக் கிடந்தது. 1947-ம் ஆண்டின் பம்பாய் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் பழைய குடித்தனக்காரர்களுக்குப் பாதுகாப்பு கிடைத்தது. ஆனால் வாடகைக்கு விடுவதற்கென்று புதிய வீடு கட்ட யாரும் முன்வரவில்லை. பகடி கொடுக்காமல் அறை கிடைக்காது. அதனால் மனிதர்கள் என்ன செய்தார்கள்? ஆயுள் முழுக்க வேலை பார்த்தார்கள். ஓய்வு பெறும்போது பிராவிடண்ட் பண்டும் கிராஜுவிட்டியும் வந்தன. அதைக் கொண்டு வீடு வாங்கினார்கள். பிள்ளைகள் வளர்ந்து வேறு இடம் போன பிறகு, 58 வயதில் சொந்த வீடு! நம்மவர்களில் பலர் அந்தப் பணத்தோடு திருநெல்வேலிப் பக்கம் ஊருக்கே போய் வீடு கட்டினார்கள். பம்பாயில் கழித்த முப்பது வருடமும் கோலியில்தான்.

இதை மாற்ற முடியும் என்று பாரேக் நினைத்தார். வீடு வேண்டியது 30 வயதில். பணம் வருவது 58 வயதில். இந்த இடைவெளியை அடைக்கக் கடன் வேண்டும். கேட்பதற்கு இது சாதாரணக் கணக்கு.

66 வயதில் புதுக் கடை

மற்றவர்கள் பேரப் பிள்ளைகளோடு உட்காரும் வயதில் பாரேக் புதுக் கம்பெனி தொடங்கினார். 1977-ம் ஆண்டு அக்டோபர் 17-ந்தேதி எச்.டி.எப்.சி. பதிவானது. அப்போது அவருக்கு வயது 66.

மூலதனம் 10 கோடி ரூபாய். ஐ.சி.ஐ.சி.ஐ., உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த சர்வதேச நிதிக் கழகம், ஆகா கான் ஆகியோர் தலா 5 சதவீதம் பங்கு எடுத்துக் கொண்டார்கள். மற்ற பங்குகளுக்காகப் பொதுமக்களிடம் போனபோது முழுவதும் விலை போகவில்லை. வீட்டுக் கடன் மட்டுமே கொடுத்து ஒரு கம்பெனி பிழைக்குமா என்ற சந்தேகம் பலருக்கும் இருந்தது.

சந்தேகத்துக்குக் காரணமும் இருந்தது. கடன் வாங்கியவர் தவணை கட்டாமல் நின்றுவிட்டால் வீட்டை எடுத்து விற்க வேண்டும். அதற்குக் கோர்ட்டுக்குப் போக வேண்டும். போனால் எத்தனை வருடம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. கோர்ட்டுக்குப் போகாமலே அடமானச் சொத்தைக் கைப்பற்ற வழி செய்த சர்பாசி சட்டம் 2002-ல்தான் வந்தது. பாரேக் அப்போது உயிரோடு இல்லை. ஆக, தொடக்க காலத்தில் கம்பெனியின் கையில் இருந்த பத்திரம் அவசரத்துக்கு உதவாத பத்திரம்.

ஆகவே பத்திரத்தை மட்டும் நம்பவில்லை, ஆளைப் பார்த்தார்கள். மாதம் என்ன சம்பளம், இன்னும் எத்தனை வருடம் சர்வீஸ் இருக்கிறது, கையில் எவ்வளவு சேமித்திருக்கிறார், யார் ஜாமீன் நிற்கிறார்கள் என்று கேட்டார்கள். சொத்து உள்ளவனுக்குத்தான் கடன் என்ற பழைய கணக்கு இங்கே திரும்பியது. சொத்து இல்லாதவன் சொத்து வாங்கவே கடன். நிரந்தர வேலையும் மாதச் சம்பளமும் உள்ளவன், தான் குடியிருக்கும் வீட்டுக்கான தவணையைத் தவற விட மாட்டான் என்பது பாரேக்கின் நம்பிக்கை. அது வீண் போகவில்லை. மிகப் பெரும்பாலோர் ஒழுங்காகக் கட்டினார்கள். வராக் கடன் மிகக் குறைவாகவே இருந்தது. சட்டத்துக்குப் பயந்து கட்டினார்கள் என்று சொல்ல முடியாது, பயமுறுத்தச் சட்டமே இல்லையே!

மலாடில் ஒரு வீடு

முதல் கடன் 1978-ல் கொடுக்கப்பட்டது. மலாடில் 70 ஆயிரம் ரூபாய் மதிப்புள்ள வீடு. கடன் 30 ஆயிரம். வட்டி 10.5 சதவீதம். மலாடில் இன்று 70 ஆயிரம் ரூபாய்க்கு ஒரு கதவும் ஜன்னலும் போடலாமோ என்னவோ!

கணக்குத் தெரிந்தவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 30 ஆயிரம் ரூபாயை 10.5 சதவீதத்தில் 15 வருடத்துக்கு வாங்குவதாக வைத்துக் கொள்வோம். மாதா மாதம் வட்டி கணக்கிடும் இன்றைய முறைப்படி தவணை சுமார் 332 ரூபாய் வரும். முதல் மாதத் தவணையில் 262 ரூபாய் 50 காசு வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது 69 ரூபாய்தான். 15 வருடம் முடியும்போது கட்டிய மொத்தத் தொகை ஏறக்குறைய 60 ஆயிரம், அதாவது வாங்கியதைப் போல இரண்டு மடங்கு. பாரேக் தர்மம் செய்யவில்லை. கடன்தான் கொடுத்தார். ஆனால் ஆண்டு போகப் போகச் சம்பளம் ஏறியது, தவணைச் சுமை குறைந்தது. வட்டியில் ஏற்றத் தாழ்வு இருந்தாலும் தவணை கட்டும் குடும்பம் முதல் மாதத்திலேயே சொந்த வீட்டில் விளக்கு ஏற்றியது. பாரேக் கணக்கில் அதற்குத்தான் மதிப்பு.

அந்த 1978-ம் ஆண்டிலேயே சகோதரர் மகன் தீபக் பாரேக்கைக் கூப்பிட்டார். அவர் ஒரு அமெரிக்க வங்கியில் நல்ல வேலையில் இருந்தார். பாதிச் சம்பளத்துக்கு வந்து சேர்ந்தார்.

பணத்துக்கு அரசாங்கத்தின் பட்ஜெட்டை எதிர்பார்க்கவில்லை. பொதுமக்களிடம் டெபாசிட் வாங்கினார்கள். நிதி நிறுவனங்களிடம் கடன் வாங்கினார்கள். பிறகு 1988-ல் உலக வங்கியும் கடன் கொடுத்தது. அதே ஆண்டில் வீட்டுக் கடன் நிறுவனங்களை மேற்பார்வை செய்ய தேசிய வீட்டு வசதி வங்கி அமைந்தது. ஒரு சந்தேகத்தில் தொடங்கிய தொழிலுக்கு 10 ஆண்டில் தனி மேலதிகாரியே வந்துவிட்டது. வர்த்தக வங்கிகள் வரிசையாக இந்தத் தொழிலில் இறங்கியது அதற்கும் பிறகுதான்.

சம்பளச் சீட்டு இல்லாதவர்கள்

பாரேக்கைப் புகழ்ந்துவிட்டு இதைச் சொல்லாமல் விடுவது நியாயம் இல்லை. அவர் திறந்த கதவுக்குச் சாவி சம்பளச் சீட்டு. அது உள்ளவர்கள் நுழைந்தார்கள். தாராவியில் இட்லி வியாபாரம் செய்கிறவர், தோல் பட்டறையில் கூலிக்கு நிற்பவர், நாள் சம்பளத்துக்குக் கட்டிட வேலை செய்கிறவர் எல்லாம் வெளியேதான் நின்றார்கள். இவர்களிலும் மாதம் தவறாமல் சீட்டுக் கட்டுகிறவர்கள் உண்டு. நகையை அடகு வைத்தாவது சொன்ன தேதிக்குப் பணம் கொடுக்கிறவர்கள் உண்டு. ஆனால் அந்த நாணயத்துக்குக் காகிதம் கிடையாது.

இந்தக் குறை எச்.டி.எப்.சி.க்கும் தெரியாமல் இல்லை. 1986-ல் குஜராத்தில் கிராமப்புற வீடுகளுக்குக் கடன் கொடுக்கத் தனி நிறுவனம் ஒன்றைத் தொடங்கி வைத்தது. கிரு பைனான்ஸ் என்று பெயர் பெற்ற அந்த நிறுவனம் சிறிய ஊர்களிலும் சிறிய வருமானக்காரர்களிடமும் போனது. 2019-ல் அது பந்தன் வங்கியோடு இணைந்தது. நல்ல முயற்சிதான். ஆனாலும் பம்பாய் ஜோபடாக்களுக்கு அது விடை ஆகவில்லை.

அரசாங்கம் பிற்காலத்தில் மானியத்தோடு வந்தது. 2024-ல் அறிவிக்கப்பட்ட பிரதமரின் நகர்ப்புற வீட்டுத் திட்டம் இரண்டாம் கட்டத்தில், ஆண்டு வருமானம் 9 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பங்களுக்கு வட்டி மானியம் உண்டு. வீட்டின் மதிப்பு 35 லட்சத்துக்கும் கடன் 25 லட்சத்துக்கும் மேல் போகக் கூடாது. கடனில் முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீத மானியம், அதிகபட்சம் 1 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய். நம் வாசகர்கள் கவனிக்க வேண்டிய நிபந்தனை ஒன்று இருக்கிறது. இந்தியாவில் எங்கேயும் குடும்பத்தார் பெயரில் பக்கா வீடு இருக்கக் கூடாது. ஊரில் தளம் போட்ட வீடு கட்டி வைத்திருப்பவர் மும்பையில் வாடகைக்கு இருந்தாலும் இதில் வர முடியாது. மேலும் 35 லட்சத்துக்குள் வீடு தேடினால் நகரை விட்டு வெகு தூரம் போக வேண்டி இருக்கும்.

கடைசி ஆண்டுகள்

1992-ல் மத்திய அரசு பாரேக்குக்குப் பத்ம பூஷண் விருது வழங்கியது. மறு ஆண்டு தீபக் பாரேக் தலைவர் ஆனார். 1994-ம் ஆண்டு நவம்பர் 18-ந்தேதி எச்.டி.பாரேக் காலமானார். வயது 83.

அவர் இறந்த அதே ஆண்டு, சில மாதங்களுக்கு முன்பு, எச்.டி.எப்.சி. தொடங்கிய வங்கி பதிவாகி இருந்தது. அந்தப் பிள்ளை தாயை விடப் பெரிதாக வளர்ந்தது. 2023-ம் ஆண்டு ஜூலை 1-ந்தேதி, 66 வயதில் பாரேக் தொடங்கிய வீட்டுக் கடன் கம்பெனியே அந்த வங்கிக்குள் இணைந்துவிட்டது. பழைய கடன்காரர்களின் வீட்டுப் பத்திரங்களும் வங்கியின் பொறுப்புக்கு மாறின. அவர்கள் தவணையை இப்போது வங்கிக்குச் செலுத்தி வருகிறார்கள்.