சீ. இரா. அரங்கநாதனும் நூலக ஆட்சியுரிமையும்: நடுவண், மாநில, உள்ளாட்சி அதிகாரப் பங்கீடு

முன்னுரை

கோலன் பகுப்பு முறையை வகுத்தவராகவும் நூலகவியலின் ஐந்து விதிகளை யாத்தவராகவும் அறியப்படும் சீ. இரா. அரங்கநாதன் (1892-1972), நூலகச் சட்டங்களை வரைவதிலும் தம் வாழ்நாளில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஈடுபட்டார். பொது நூலகத்தை நடத்தும் பொறுப்பு எவருடையது, அதற்கான பொருளை எவர் தர வேண்டும் என்பனவே அவ்வரைவுகளின் அடிப்படை வினாக்கள். அவ்வகையில் அவரது வாழ்க்கையை இக்கட்டுரை நோக்குகிறது.

குராய்டன் தந்த பாடம்

சீர்காழியில் பிறந்த அரங்கநாதன், சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கணிதம் பயின்று, அரசுக் கல்லூரிகளில் கணித ஆசிரியராகப் பணியாற்றினார். 1924ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக அமர்த்தப்பட்டார். பயிற்சிக்காக இலண்டன் சென்றவர், அங்குப் பெர்விக் சேயர்சின் வழிகாட்டுதலில் குராய்டன் நகராட்சி நூலகத்தின் பணிமுறைகளைக் கண்டறிந்தார். நகர மக்கள் செலுத்திய உள்ளாட்சி வரியால் அந்நூலகம் நடைபெற்றது. அருங்காட்சியகங்களுக்கென 1845ஆம் ஆண்டுச் சட்டமும் நூலகங்களுக்கென 1850ஆம் ஆண்டுச் சட்டமும் நகராட்சிகளுக்கு வரி விதிக்கும் அனுமதியை வழங்கின. ஆனால் அவற்றைக் கட்டாயப்படுத்தவில்லை. விரும்பாத நகரம் நூலகமின்றியே இருக்கலாம்.

இவ்விடத்தில்தான் அரங்கநாதன் பிரித்தானிய முறையிலிருந்து வேறுபட்டார். உள்ளாட்சி நிருவாகத்தை ஏற்ற அவர், நூலகம் வேண்டுமா என்பதை உள்ளாட்சியின் விருப்பத்திற்கு விடுவதை ஏற்கவில்லை. நூல் அனைவர்க்கும் உரியது என்னும் நிலைப்பாட்டிற்கு, அதனைச் செயற்படுத்தும் சட்டக் கடப்பாடு தேவை என்பதே அவரது வாதத்தின் சாரம்.

கட்டாயம் என்னும் தடை

1928ஆம் ஆண்டு சென்னை நூலகச் சங்கம் தோன்றியபோது அவர் அதன் செயலாளரானார். 1930இல் காசியில் நடைபெற்ற அனைத்தாசியக் கல்வி மாநாட்டில் தம் மாதிரி நூலகச் சட்டத்தை முன்வைத்தார். அதனைத் தழுவி வங்காளத்தில் முனீந்திர தேவ் ராயும் சென்னையில் பஷீர் அகமது சயீதும் சட்டமன்றங்களில் முயன்றனர். நூலகம் அமைப்பதையும் அதற்குப் பொருள் ஒதுக்குவதையும் கட்டாயமாக்கிய கூறுகள் இடையூறாயின. இரு முயற்சிகளும் சட்டமாகவில்லை. அதே காலத்தில், 1931ஆம் ஆண்டு, மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் மாட்டுவண்டி நூலகம் ஒன்று ஊர் ஊராகச் செல்லத் தொடங்கியது. ஊர்ப்புறத்தில் வாசிக்கும் ஆர்வம் இருந்தது என்பதற்கும், நிலையான நிதி இல்லை என்பதற்கும் அவ்வண்டி ஒருசேரச் சான்றாகும்.

1948ஆம் ஆண்டுச் சட்டம்

அரங்கநாதன் 1945இல் சென்னையை விட்டுக் காசி இந்துப் பல்கலைக்கழகத்திற்கும், பின்னர்த் தில்லிப் பல்கலைக்கழகத்திற்கும் சென்றார். அவர் நீங்கிய பின்னரே, கல்வியமைச்சர் தி. சு. அவிநாசிலிங்கம் செட்டியாரின் முயற்சியால் சென்னைப் பொது நூலகச் சட்டம் 1948இல் நிறைவேறியது. விடுதலை இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அதுவே. சென்னை நகருக்கும் ஒவ்வொரு மாவட்டத்திற்கும் தனித்தனி நூலக ஆணைக்குழு அமைந்தது. சொத்துவரியோடும் வீட்டுவரியோடும் சேர்த்து நூலக வரி தண்டப்பட்டது. 1950ஆம் ஆண்டு கன்னிமாரா நூலகம் மாநில மைய நூலகமாயிற்று.

எனினும் உள்ளாட்சியுரிமை முழுமை பெறவில்லை. பொது நூலக இயக்குநர் பொறுப்பைப் பொதுக் கல்வி இயக்குநரே கூடுதலாக ஏற்றார். வரி ஊரிலிருந்து வந்தது. அதிகாரத்தின் பெரும்பகுதி கல்வித்துறையிடம் நின்றது.

ஒன்றியத்தின் இடம்

அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணை, மாநில அரசின் கட்டுப்பாட்டிலோ நிதியிலோ இயங்கும் நூலகங்களையும் அருங்காட்சியகங்களையும் மாநிலப் பட்டியலின் 12ஆம் பதிவில் வைத்தது. தேசிய நூலகம், இந்திய அருங்காட்சியகம் முதலிய நாட்டுச் சிறப்பு நிறுவனங்களை ஒன்றியப் பட்டியலின் 62ஆம் பதிவில் வைத்தது. 1950இல் அரங்கநாதன் வெளியிட்ட முப்பதாண்டு நூலக வளர்ச்சித் திட்டம் இப்பகுப்போடு இயைந்தது. ஒன்றியத்திற்கு ஒன்றும் மாநிலங்களுக்கு ஒன்றுமாக இருவகைச் சட்ட வரைவுகள் அதில் இடம்பெற்றன. ஒன்றிய வரைவு சட்டமாகவில்லை. மாநிலங்களில் ஐதராபாத் (1955), ஆந்திரம் (1960), மைசூர் (1965), மகாராட்டிரம் (1967) ஆகியன சட்டம் இயற்றின. இவற்றுள் மகாராட்டிரம் நூலக வரியை ஏற்கவில்லை.

இரு அதிகாரங்களும் சந்திக்கும் இடமாகக் கன்னிமாரா விளங்குகிறது. மாநிலச் சட்டத்தால் மாநில மைய நூலகமான அது, 1954ஆம் ஆண்டின் நடுவண் சட்டப்படி நாடெங்கும் வெளியாகும் நூல்களின் படிகளைப் பெறும் நூலகங்களுள் ஒன்றாகவும் உள்ளது.

முடிவுரை

அரங்கநாதன் 1972 செப்டம்பரில் பெங்களூரில் மறைந்தார். அதே ஆண்டு நடுவண் அரசு இராசாராம் மோகன்ராய் நூலக அறக்கட்டளையை நிறுவியது. ஒன்றியம் சட்டக் கடப்பாட்டின் வழியே அன்றி நிதிக்கொடையின் வழியே பொது நூலகங்களை அணுகியது என்பதை இது காட்டுகிறது. கொடை ஆண்டுதோறும் வழங்குவோரின் முடிவுக்கு உட்பட்டது. வரியோ சட்டம் நிலைக்கும் வரை உரிமையாகக் கிடைப்பது. உள்ளூரின் பணம், மாநிலத்தின் சட்டம், ஒன்றியத்தின் ஒருங்கிணைப்பு என்னும் அரங்கநாதனின் மூவடுக்கில் நடு அடுக்கே வலுப்பெற்றது. அவரது பகுப்பு முறையைப் போலவே அவரது சட்ட வரைவுகளும் விரிவான ஆய்வுக்கு உரியன.