கைரோபிராக்டிக்: தோற்றுவித்தவரின் வாழ்வும் உங்கள் முடிவும்

நாள்பட்ட முதுகுவலிக்குக் கைரோபிராக்டிக் சிகிச்சையை நாட எண்ணுகிறீர்களா? அதைத் தோற்றுவித்த டேனியல் டேவிட் பால்மரின் வாழ்வை முதலில் அறிந்துகொள்ளுங்கள். 1845-இல் கனடாவில் பிறந்த அவர், அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரில் காந்த சிகிச்சை அளித்துவந்தார். 1895-இல் செவித்திறன் குன்றிய ஒருவரின் முதுகெலும்பை அழுத்திச் சரிசெய்ததால் அவருக்குக் கேட்கும் திறன் திரும்பியதாகக் கூறினார். பெரும்பாலான நோய்களுக்கு முதுகெலும்பு விலகலே காரணம் என்று கற்பித்தார். உரிமமின்றி மருத்துவம் செய்ததற்காக 1906-இல் சிறை சென்ற அவர், 1913-இல் காலமானார்.

அவரது கோட்பாட்டை ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. எனினும், கீழ்முதுகு வலியுள்ள சிலருக்கு இம்முறை ஓரளவு நிவாரணம் தருகிறது. கழுத்தைத் திருப்பும்போது அரிதாக இரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் ஏற்படலாம். எலும்பு வலுவிழப்பு உள்ளவர்கள் இதைத் தவிர்க்கவும். கால் மரத்துப்போனாலோ சிறுநீர்க் கட்டுப்பாடு இழந்தாலோ உடனே மருத்துவமனையை அணுகவும்.