கடலடியில் மூச்சளித்த கம்மியர்

அனுப்பர்பாளையத்துப் பட்டறைகளில் செம்பும் பித்தளையும் அடிபட்டுக் குடமாகவும் அண்டாவாகவும் உருப்பெறுவதைக் காண்கிறோம். நீரைத் தாங்கும் அதே செம்பினால், நீருக்குள் மனிதனைக் காக்கும் கவசம் செய்தவர் அகஸ்டஸ் சீபே.

இன்றைய ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் 1788ஆம் ஆண்டு பிறந்த சீபே, இளமையில் உலோக வார்ப்புத் தொழில் பயின்றார். பிரஷ்யப் படையில் பணியாற்றியபின் இலண்டனில் குடியேறிப் பட்டறை அமைத்தார்.

டீன் சகோதரர்கள் உருவாக்கிய தலைக்கவசம் அக்காலத்தில் வழக்கிலிருந்தது. அஃது உடையோடு இறுகப் பிணைக்கப்படவில்லை. மேலிருந்து குழாய்வழி செலுத்தப்பட்ட காற்று, கவசத்தின் கீழ்ப்புறமாக வெளியேறியது. முக்குளிப்பவர் நிமிர்ந்து நிற்கும்வரை தீங்கில்லை, தடுக்கி வீழ்ந்தால் நீர் உட்புகும், உயிரும் போகும். சிதைந்த கப்பலுக்குள் குனியாமல் பணிசெய்வது எங்ஙனம்?

சீபே, கவசத்தை நீர்புகாத முழுவுடையோடு இணைத்தார். காற்று வெளியேறத் தனி வால்வு பொருத்தினார். உள்ளே கம்பளியாடை அணிந்து குளிரையும் தாங்க முடிந்தது.

இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் அருகே 1782இல் மூழ்கிய ‘ராயல் ஜார்ஜ்’ கப்பல், எண்ணூறுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. 1839இல் கர்னல் பாஸ்லி தலைமையில் அதன் சிதைவுகளை அகற்றியோர், குளிர்ந்த கலங்கல் நீரில் சீபேயின் உடையணிந்தே இறங்கினர். அவர்தம் பட்டறிவால் அவ்வுடை மேலும் திருத்தம் பெற்றது.

சீபே 1872இல் மறைந்தார். இன்றைய முக்குளிப்போர் காற்றுக்கலனை முதுகிலேயே சுமந்து செல்கின்றனர். ஆயினும், இறங்கியவர் உயிருடன் கரையேற வேண்டும் என்னும் சீபேயின் அக்கறையே இன்றும் அத்தொழிலின் முதல் விதியாகும்.