மஞ்சள் கழுத்துக் குருவி காட்டிய வழி

எட்டாம் தரத்தில் படிக்கும்போது நான் ஒரு கொப்பி வைத்திருந்தேன். எங்கள் வீட்டுப் பின்வளவில் முருங்கை மரத்துக்கு வரும் குருவிகள், மழை விட்டதும் மதிலோரம் முளைக்கும் செடிகள், கிணற்றடியில் பறக்கும் தும்பிகள் எல்லாவற்றையும் அதில் எழுதுவேன். பெயர் தெரியாதவற்றுக்கு நானே பெயர் வைத்துவிடுவேன். உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் சேர்ந்ததும் அந்தக் கொப்பியை மூடி அலுமாரியின் மேல் தட்டில் போட்டுவிட்டேன். அது பாடத்திட்டத்தில் இல்லை. அதற்குப் புள்ளியும் இல்லை. ஆனால் கொப்பியை மூடியதால் என் புள்ளிகள் கூடிவிடவுமில்லை. சென்ற தவணைப் பரீட்சைப் பெறுபேற்றைப் பார்த்த வாப்பா எதுவும் பேசவில்லை. அவர் ஏசியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அந்த வாரத்தில்தான் சலீம் அலியின் வாழ்க்கையை வாசித்தேன். இந்தியாவின் பறவை மனிதர் எனப்படும் அவர் சிறு வயது முதலே வகுப்பில் முதலிடம் பெற்ற பெரிய மேதையாக இருந்திருப்பார் என்று நினைத்திருந்தேன். வாசிக்க வாசிக்க என் நினைப்பு மாறியது.

சலீம் அலி 1896 நவம்பர் 12ஆம் திகதி பம்பாயில், பெரிய முஸ்லிம் குடும்பமொன்றின் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தார். ஒரு வயதில் தந்தையையும் மூன்று வயதில் தாயையும் இழந்தார். தாய்மாமன் அமீருத்தீன் தையப்ஜியும், பிள்ளைகள் இல்லாத மாமி ஹமீதா பேகமும் அவரை வளர்த்தார்கள். மாமா வேட்டையில் விருப்பமுள்ளவர். அவர் கொடுத்த சிறிய காற்றுத் துப்பாக்கியால் சிறுவன் சலீம் குருவிகளைச் சுட்டுத் திரிந்தான்.

ஒரு நாள் விழுந்த குருவி மற்றவை போல இருக்கவில்லை. அதன் கழுத்தில் மஞ்சள் அடையாளம் ஒன்று இருந்தது. முஸ்லிமாகிய தான் இதை உண்ணலாமா என்ற சந்தேகம் அவனுக்கு. மாமாவிடம் கொண்டுபோய்க் காட்டினான். அது என்ன குருவி என்று மாமாவுக்கும் தெரியவில்லை. சிறு பிள்ளையின் கேள்விதானே என்று அவர் அதைத் தட்டிக்கழிக்கவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லார்ட்டுக்கு ஒரு கடிதம் எழுதி, குருவியோடு சலீமையும் அனுப்பிவைத்தார். வெள்ளைக்காரர் ஒருவரைச் சந்திக்கப் பயந்து பயந்து போன சிறுவனை மில்லார்ட் அன்போடு வரவேற்றார். அது மஞ்சள் கழுத்துச் சிட்டுக்குருவி என்று சொன்னார். இழுப்பறைகளைத் திறந்து, பாடம் செய்து வைத்திருந்த நூற்றுக்கணக்கான பறவைகளைக் காட்டினார். வாசிக்கப் புத்தகங்களும் கொடுத்தார். சலீம் அலியின் பாதை அந்த அறையில்தான் தொடங்கியது.

ஆனால் என்னை அதிகம் சிந்திக்க வைத்தது வேறொரு குருவிக் கதை. 1906-07 காலப்பகுதியில், பத்து வயதளவில், அவர் எழுதிய குறிப்பு அது. குதிரை லாயத்தின் சுவர்த் துளையொன்றில் பெண் குருவி முட்டையிட்டிருந்தது. வெளியே ஓர் ஆணியில் ஆண் குருவி காவல் இருந்தது. சலீம் மறைந்திருந்து அந்த ஆண் குருவியைச் சுட்டார். சிறிது நேரத்தில் வேறோர் ஆண் குருவி அதே ஆணியில் வந்து அமர்ந்தது. அதையும் சுட்டார். இப்படியே ஏழு நாட்களில் எட்டு ஆண் குருவிகள் விழுந்தன. ஒவ்வொரு முறையும் புதிய துணை ஒன்று வந்து சேர்ந்தது.

இதை வாசித்தபோது அந்தக் குருவிகளுக்காக என் மனம் கனத்தது. ஆயினும் அந்தச் சிறுவன் கண்டதைக் கண்டபடி எழுதினான். எண்ணிக்கையை மறைக்கவில்லை, நாட்களையும் கணக்கிட்டு எழுதினான். ஆகவேதான் சுமார் 60 ஆண்டுகளுக்குப் பின்னர் அதே குறிப்பைப் பெரிய மாற்றம் எதுவும் இல்லாமல் பறவை ஆர்வலர்களின் இதழில் வெளியிட முடிந்தது.

படிப்பில் அவர் சிறந்து விளங்கவில்லை. பதின்மூன்று வயதளவில் தொடங்கிய தலைவலியால் அடிக்கடி வகுப்புக்குப் போக முடியாமல் போனது. 1913இல் மெட்ரிக்குலேஷன் பரீட்சையில் ஒருவாறு தேறினார். கல்லூரியில் கணிதம் அவரை விரட்டியது. படிப்பை இடையில் விட்டு, குடும்பத்தாரின் சுரங்க, மர வியாபாரத்தைக் கவனிக்க பர்மா சென்றார். அங்கும் காட்டுப் பறவைகளின் பின்னால்தான் அவர் மனம் போனது. 1917இல் பம்பாய் திரும்பி, வணிகச் சட்டமும் கணக்கியலும் படித்துக்கொண்டே விலங்கியல் வகுப்புக்கும் போனார். ஆனால் முறையான பட்டம் எதுவும் பெறவில்லை. அதனால் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தில் பறவையியலாளர் பதவி அவருக்குக் கிடைக்கவில்லை.

1926இல் பம்பாய் அருங்காட்சியகத்தில் வழிகாட்டி விரிவுரையாளராக வேலை கிடைத்தது. இரண்டு ஆண்டுகளில் விடுப்பெடுத்து ஜேர்மனிக்குப் போய், பேர்லினில் பேராசிரியர் ஸ்ட்ரெஸ்மானிடம் பறவையியல் கற்றார். 1930இல் திரும்பி வந்தபோது பணமில்லை என்று அந்தப் பதவியையே நீக்கிவிட்டிருந்தார்கள்.

வேலையில்லாத அந்த நாட்களில் கிஹிம் என்ற கடலோரக் கிராமத்தில் குடியிருந்தார். அங்கே தூக்கணாங்குருவிகள் கூடு கட்டுவதை மணிக்கணக்காகப் பார்த்துப் பார்த்து எழுதினார். ஆண் குருவி கூட்டைப் பாதி கட்டி நிறுத்தும். பெண் குருவி வந்து பார்த்துப் பிடித்திருந்தால் மட்டுமே அதை ஏற்கும். அதன் பிறகு ஆண் கூட்டை முடித்துக் கொடுத்துவிட்டு, இன்னொரு துணைக்காக அடுத்த கூட்டைத் தொடங்கும். அதுவரை சரியாக அறியப்படாதிருந்த இந்த உண்மையை, வேலையிழந்த ஒருவரின் பொறுமைதான் வெளிக்கொண்டு வந்தது.

இங்கே தெஹ்மினா பேகத்தைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 1918 டிசம்பரில் சலீம் அலியை மணந்தவர். இங்கிலாந்தில் கல்வி கற்று வசதியாக வளர்ந்த அவர், கணவருக்காக நகர வாழ்க்கையை விட்டுக் காட்டுக் கூடாரங்களில் வாழ்ந்தார். சலீம் அலி சுதேச சமஸ்தானங்களிடம் சம்பளம் கேட்கவில்லை. முகாம் செலவை மட்டும் தந்தால் பறவைகளைக் கணக்கெடுத்துத் தருவதாகச் சொன்னார். ஹைதராபாத், கொச்சி, திருவிதாங்கூர் என்று அவர் அலைந்தபோது தெஹ்மினாவும் கூடவே இருந்தார். கணவரின் ஆங்கில எழுத்து எளிமையாகவும் இனிமையாகவும் அமைவதற்கு உதவியவரும் அவரே. 1939இல் ஒரு சிறிய சத்திரசிகிச்சையை அடுத்து அவர் வபாத்தானார். சலீம் அலியைப் புகழடையச் செய்த இந்தியப் பறவைகள் பற்றிய நூல் 1941இல் வெளிவந்தது. அதைப் பார்க்கத் தெஹ்மினா இருக்கவில்லை. சலீம் அலி மறுமணம் செய்துகொள்ளவில்லை. அந்த நூலின் அட்டையில் ஒரு பெயர்தான் இருக்கிறது. நான் அதை எங்காவது கண்டால் இரண்டு பேரை நினைத்துக்கொள்வேன்.

பின்னர் அமெரிக்கரான டில்லன் ரிப்ளியுடன் சேர்ந்து பத்துத் தொகுதிகள் கொண்ட பறவைக் கையேட்டை எழுதினார். 1968 முதல் 1974 வரை வெளிவந்த அந்தக் கையேட்டில் நமது இலங்கைப் பறவைகளும் இடம்பெற்றுள்ளன. பரத்பூர் பறவைகள் சரணாலயமும் கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கும் காப்பாற்றப்பட அவருடைய குரலும் காரணம். 1958இல் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ கலாநிதிப் பட்டம் வழங்கியது. 1976இல் கிடைத்த சர்வதேசப் பரிசின் பெரும் பகுதியை இயற்கைப் பாதுகாப்பு நிதியம் ஒன்றுக்கே கொடுத்துவிட்டார். 1985இல் வெளியான தன் சுயசரிதைக்கு, அன்று விழுந்த குருவியை நினைத்தே பெயர் வைத்தார். 1987இல் தொண்ணூறு வயதில் வபாத்தானார். கோயம்புத்தூருக்கு அருகே ஆனைகட்டியில் அவர் பெயரால் ஒரு பறவையியல் ஆய்வு நிலையம் இருக்கிறது.

பரீட்சை தேவையில்லை என்று சொல்ல நான் வரவில்லை. நான் படித்தே ஆக வேண்டும். அது வாப்பாவுக்கு நான் கொடுத்த வாக்கு. ஆனால் அன்றிரவு அலுமாரியின் மேலிருந்து அந்தக் கொப்பியை எடுத்துப் பார்த்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன்; ஒன்றிலும் திகதி இல்லை, நேரம் இல்லை, எத்தனை குருவிகள் என்ற எண்ணிக்கையும் இல்லை. பத்து வயதுச் சிறுவனுக்குத் தெரிந்தது பதின்மூன்று வயதில் எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது.

இப்போது ஸுபஹ் தொழுகைக்குப் பிறகு, பாடப் புத்தகத்தைத் திறக்குமுன் பத்து நிமிடங்கள் பின்வளவில் நிற்கிறேன். முதல் நாள், கூட்டமாக வந்து சருகைக் கிளறிக் கத்தும் மண்ணிறக் குருவிகளை எண்ணினேன். ஏழு இருந்தன. பழைய கொப்பியில் அவற்றுக்குக் கூட்டாளிகள் என்று பெயர் வைத்திருந்தேன். தேநீரோடு வந்த உம்மா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, அவை புலுணிகள் என்றும், தன் உம்மா வீட்டு வளவில் நிறைய இருந்தன என்றும் சொன்னார். அந்தப் பெயரையும் எழுதிக்கொண்டேன். திகதி, நேரம், இடம், ஏழு புலுணிகள், பெயர் சொன்னவர் உம்மா.

மறுநாள் அதே நேரத்தில் வாப்பாவும் பின்வளவுக்கு வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் என்னோடு நின்று பார்த்துவிட்டு, முருங்கையின் உச்சிக் கிளையை விரலால் காட்டினார். நான் கவனிக்காத எட்டாவது புலுணி அங்கே இருந்தது.