எண்களின் இயல்பறிந்த மேதை இராமானுஜன்



கல்வியில் உயர்ந்தோரின் வாழ்க்கை நம் பிள்ளைகளுக்குச் சிறந்த படிப்பினையாகும். அவ்வகையில் கணித மேதை சீனிவாச இராமானுஜன் அவர்களைப் பற்றிச் சுருக்கமாக இங்கு காண்போம்.

1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில் பிறந்த அவர், கும்பகோணத்தில் வளர்ந்தார். தந்தையார் துணிக்கடையில் கணக்கெழுதியவர். உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்த இராமானுஜன், கணிதத்திலேயே மூழ்கிப் பிற பாடங்களைக் கைவிட்டதால் அத்தொகையை இழந்தார். பின்னர் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பயின்றும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. பட்டமுமில்லை, வேலையுமில்லை. அவரது நோட்டுப் புத்தகங்களைக் கண்டு, நெல்லூர் கலெக்டர் இராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்து ஆதரித்தார். 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் சம்பளத்தில் எழுத்தரானார். 1913-ல் கேம்பிரிட்ஜ் அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதம் வழிதிறக்க, 1914 மார்ச்சில் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்.

அங்கு 1915-ல் வெளியான அவரது பேராய்வு, தன்னிலும் சிறிய எந்த எண்ணையும் விட அதிக வகுத்திகளைக் கொண்ட எண்களைப் பற்றியது. உதாரணமாக, 24-க்கு 1, 2, 3, 4, 6, 8, 12, 24 என எட்டு வகுத்திகள் உண்டு. அதற்குக் கீழுள்ள எந்த எண்ணுக்கும் எட்டு இல்லை. ஃபராயிள் பாடம் ஓதியவர்கள் இதன் பயனை எளிதில் உணர்வர். மனைவிக்கு எட்டில் ஒன்று, தாய்க்கு ஆறில் ஒன்று, பெண்மக்களுக்கு மூன்றில் இரண்டு என வரும்போது, 24-ஐ மூலமாகக் கொண்டால் 3, 4, 16 எனப் பங்குகள் உடையாமல் அமைகின்றன. மீதி ஒன்று அஸபாவுக்குரியது.

இத்தகைய எண்களின் அட்டவணையை அவர் 6746328388800 வரை கொண்டு சென்றார். ஆறு லட்சத்து எழுபத்து நான்காயிரம் கோடியைத் தாண்டும் இவ்வெண்ணுக்கு 10080 வகுத்திகள். ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்து இதனை அறிய இயலுமா? அவர் அதன் அமைப்பைக் கண்டறிந்தார். 2 ஆறு முறையும், 3 நான்கு முறையும், 5-ம் 7-ம் இரண்டிரண்டு முறையும், 11, 13, 17, 19, 23 ஆகியவை ஒவ்வொரு முறையும் பெருகி இவ்வெண் உருவாகிறது. இவ்வகை எண்கள் எதிலும் இடையில் ஒரு பகா எண் விடுபடாது. பெரியது சிறியதை விட அதிக முறை வராது. கணிப்பொறி இல்லாத அக்காலத்தில் கையால் தொகுத்த அவ்வட்டவணையில் விடுபட்டது 293318625600 என்ற ஒரேயோர் எண்தான்.

இவ்வாய்வுக்காக 1916-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பட்டமளித்தது. 1918-ல் இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். நோயுற்று 1919-ல் தாயகம் திரும்பி, 1920 ஏப்ரல் 26 அன்று சென்னையில் 32 வயதில் காலமானார்.

எந்தக் கணிதப் பற்று அவரைத் தேர்வில் வீழ்த்தியதோ, அதுவே அவருக்குப் பட்டத்தையும் தந்தது. இடையில் அவரைத் தாங்கியது ஒருவர் தந்த 25 ரூபாய். பத்மநாபபுரத்தில் நம் பிள்ளைகளிலும் ஒன்றில் தேர்ந்து மற்றவற்றில் பின்தங்குவோர் இருப்பர். மதிப்பெண் பட்டியலை மட்டும் பார்த்து அவர்களைக் கடை வேலைக்கோ, கடல் கடந்தோ அனுப்பிவிடுமுன், அவர்களுடைய நோட்டுப் புத்தகத்தையும் ஒருமுறை திறந்து பார்ப்போமாக!