தயிரைக் கொண்டாடிய விஞ்ஞானி... மனைவி வளர்த்த தலைப்பிரட்டைகள்!

உங்க வீட்டு ஃப்ரிட்ஜில் 'ப்ரோபயாட்டிக்'னு எழுதின தயிர் கப் இருக்கா? அந்த மோகத்தைத் தொடங்கிவைத்தவர்களில் முக்கியமானவர், இலியா மெட்ச்னிகாஃப்.

1845-ல், இன்றைய உக்ரைனின் கார்கிவ் பகுதியில் பிறந்தவர். விலங்கியல்னா உயிர். ஆனால், வாழ்க்கை அவரைப் புரட்டிப் போட்டது. 1873-ல் மனைவி லுட்மிலா காசநோயில் இறந்துபோனார். உடைந்துபோன இலியா, உயிரை விடத் துணிந்து பிழைத்தார். சில வருஷம் கழித்து இரண்டாவது மனைவி ஓல்காவுக்கு டைபாய்டு. மறுபடியும் சாவைத் தேடிப் போனார். நல்லவேளை, ரெண்டு பேருமே பிழைச்சாங்க.

1882-ல் இத்தாலியின் மெசினா. நட்சத்திர மீனின் லார்வா உடம்பில் சின்ன முள்ளைக் குத்திவைத்துவிட்டுக் காத்திருந்தார். மறுநாள் பார்த்தால், முள்ளைச் சுற்றி செல்கள் வளைத்து நின்றன. நம் உடம்பில் கிருமிகளை விழுங்கும் செல்களும் இதே வேலையைத்தான் செய்கின்றன என்று சொன்னார். அதற்காக 1908-ல், பால் எர்லிக்குடன் சேர்ந்து நோபல் பரிசு பெற்றார்.

அதற்குள் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் அவருக்கு வேறொரு கேள்வி வந்திருந்தது. நமக்கு ஏன் வயசாகுது? பெருங்குடலில் இருக்கும் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் நஞ்சுதான் காரணம் என்று நம்பினார். புளித்த பால் சாப்பிடும் பல்கேரிய கிராமத்து மக்கள் நீண்ட நாள் வாழ்கிறார்கள் என்ற பேச்சு அவரை ஈர்த்தது. தானும் தினமும் புளித்த பால் குடித்தார். ஐரோப்பாவே அதன் பின்னால் ஓடியது.

ஆனால், கதையின் இன்னொரு பாதி அவர் வீட்டிலேயே இருந்தது. ஓல்காவும் ஆராய்ச்சியாளர்தான். தலைப்பிரட்டைகளைக் கிருமியே இல்லாமல் வளர்த்துப் பார்த்து, 1901-ல் முடிவை வெளியிட்டார். அவை மற்ற தலைப்பிரட்டைகள் மாதிரி வளரவில்லை. மனிதனை முதுமைக்குத் தள்ளுவதாகக் கணவர் சந்தேகப்பட்ட நுண்ணுயிர்கள், ஒரு குட்டி உயிர் வளரத் தேவைப்படுகின்றன!

இன்றைய ஆய்வுகளும் ஓல்கா பக்கம்தான். கிருமியே இல்லாமல் வளர்க்கப்படும் எலிகளுக்குக் குடலும் நோய் எதிர்ப்பு மண்டலமும் முழுசா வளர்வதில்லை.

1916-ல், 71 வயதில் இதயக் கோளாறால் இலியா இறந்தார். தயிர் அவருக்கு நூறு வயதைத் தரவில்லை. ஆனால், ரெண்டு முறை சாக நினைத்த மனுஷர், கடைசிக் காலம் முழுக்க எப்படி நீண்ட நாள் வாழலாம்னு தேடிக்கொண்டிருந்தார். அந்தக் கதையைப் புத்தகமாக எழுதியவரும் ஓல்காதான்.